இணையக் குழுவில் ஒருவர் மறைந்தால்: செய்ய வேண்டியவை, தவிர்க்க வேண்டியவை - முழுமையான வழிகாட்டி

பறவை பார்ப்பவர்கள், மாடித்தோட்டக்காரர்கள், தபால்தலை சேர்ப்பவர்கள், விக்கிப்பீடியாவில் எழுதுபவர்கள், இரவெல்லாம் சேர்ந்து கேம் ஆடுபவர்கள் என்று இணையத்தில் கூடும் குழுக்களுக்கெல்லாம் ஒரு பொதுச் சிக்கல் உண்டு. வருடக்கணக்காகத் தினமும் பேசிய ஆளின் முழுப்பெயர் தெரியாது. ஊர் தெரியாது. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் தெரியாது. அவர் போய்விட்டால் துக்கம் கேட்கப் போக நமக்கு ஒரு வாசல் கிடையாது. அதனால் வழக்கமாக என்ன நடக்கிறது? யாரோ ஒரு வரி போடுகிறார், அதன் கீழே கைகூப்பிய எமோஜிகள் வரிசையாக விழுகின்றன, இரண்டு நாள் கழித்து "இந்த இலையில் வெள்ளையாக இருக்கிறதே, என்ன நோய்?" என்று பேச்சு பழையபடி தொடங்கிவிடுகிறது.

அதில் தப்பில்லை. ஆனால் குழுவால் மட்டுமே முடிந்த வேலை ஒன்று இருக்கிறது. மாலையும் சாப்பாடும் உறவும் தெருவும் பார்த்துக்கொள்ளும். அவர் எடுத்த பறவைப் படங்கள் எந்தத் தளத்தில் கிடக்கின்றன, எந்த டப்பாவில் இருப்பது எந்த விதை, ஆல்பத்தில் எது அரிய தபால்தலை எது சாதாரணம் என்பது வீட்டாருக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும். அவர் செய்துவைத்தது வீணாகாமல் பார்ப்பதே குழுவின் முதல் அஞ்சலி என்பது என் கருத்து. கீழே உள்ள படிகளும் அந்த எண்ணத்தில் எழுதியவைதான்.

1. செய்தி உண்மையா என்று பாருங்கள்

2001இல் ரத்தப் புற்றுநோயோடு போராடிவந்த கேசி நிக்கோல் என்ற 19 வயதுப் பெண் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தபோது, அவர் வலைப்பதிவில் எழுதியதைப் படித்துவந்த ஏராளமான பேர் அழுதார்கள். விசாரித்துப் பார்த்தால் அப்படி ஒரு பெண்ணே இல்லை. இன்னொருவர் உருவாக்கி நடத்திய கற்பனை ஆள். சந்தேகம் கிளப்பித் துருவியவர்களும் இணையவாசிகள்தான். உயிரோடு இருப்பவரை இறந்ததாக அறிவித்த கதைகள் நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் குறைவில்லை.

எனவே அறிவிப்புக்கு முன்னால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வழிகளில் உறுதிசெய்யுங்கள். நாளிதழில் வந்த மரண அறிவிப்பு, குடும்பத்தாரின் சொந்தப் பதிவு, அதே ஊர்க்காரரான உறுப்பினர் நேரில் போய் வந்தது ஆகியவற்றில் ஏதாவது இரண்டு போதும். ஃபார்வர்ட் செய்தி எத்தனை பேரிடமிருந்து வந்தாலும் கணக்கில் சேராது, எல்லாமே ஒரே இடத்தில் கிளம்பியதாக இருக்கலாம். அதற்குள் யாராவது குழுவில் போட்டுவிட்டால் பதிவை எடுத்துவிட்டு, "விசாரித்துக்கொண்டிருக்கிறோம், கொஞ்சம் பொறுங்கள்" என்று அட்மின் ஒரு வரி எழுதினால் போதும்.

உறுதிசெய்ய வழியே இல்லை என்றால் இறந்ததாக எழுதாதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் மறைந்த பயனர்களுக்கு ஒரு பக்கமும், சொல்லாமல் காணாமல் போனவர்களுக்கு வேறொரு பக்கமும் இருக்கின்றன. நல்ல ஏற்பாடு அது. அலுத்துப் போய் ஒதுங்கியவர் என்றாவது திரும்பி வருவார், வந்து தன் இரங்கல் செய்தியைப் படிக்க வேண்டாம்.

2. வீட்டாரிடம் ஒருவர் மட்டும் பேசுங்கள்

குழுவிலிருந்து பதினைந்து பேர் தனித்தனியாகப் போன் செய்தால் அந்த வீடு தாங்காது. ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அட்மினாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பக்குவமாகப் பேசத் தெரிந்தவர் போதும். இறந்த மறுநாளே கேள்விகளோடு போகாதீர்கள். முதல் செய்தி வெறும் துக்க விசாரிப்பாக இருக்கட்டும், மற்றதெல்லாம் காரியம் முடிந்த பிறகு.

அந்த வீட்டாருக்கு நாம் யார் என்றே தெரியாமல் இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 2014 நவம்பரில் 25 வயதில் இறந்தார். மகன் நண்பர்களே இல்லாமல் தனியாக வாழ்ந்து முடித்துவிட்டான் என்றுதான் பெற்றோர் நினைத்திருந்தார்கள். அவருடைய வலைப்பதிவில் தந்தை மரணச் செய்தியைப் போட்ட பிறகு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் இபெலின் என்ற பாத்திரமாக அவர் எத்தனை பேருக்கு ஆறுதலாக இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஸ்டார்லைட் என்ற அவருடைய விளையாட்டுக் குழுவிலிருந்து சிலர் வேறு நாடுகளிலிருந்து கிளம்பி இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். நம் பக்கத்திலும் "எந்நேரமும் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்" என்று ஆதங்கப்பட்ட அம்மாவுக்கு, அந்த நேரத்தில் மகன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று சொல்லக்கூடியவர்கள் நாம்தான்.

செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம் அம்மா. சார் இருந்த பறவை பார்ப்போர் குழுவிலிருந்து எழுதுகிறேன். எங்களில் பலர் அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் நாங்கள் பறவைகளை இனம் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். உங்கள் துக்கத்தில் நாங்களும் பங்கெடுக்கிறோம். இப்போது பதில் எழுத வேண்டிய அவசியமில்லை. எங்களால் ஆக வேண்டியது ஏதாவது இருந்தால் இந்த எண்ணில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்."

பின்னர் பேசும்போது கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். குழுவில் அவருடைய உண்மைப் பெயரைச் சொல்லலாமா? படம் போடலாமா? அவர் எழுதியதையும் எடுத்ததையும் பத்திரப்படுத்த அனுமதி தருவார்களா? எப்படி இறந்தார் என்று கேட்கவே கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொண்டு அதோடு விட்டுவிடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. புனைபெயரில் இருந்தவர் வீட்டுக்குத் தெரியாத ஒரு வாழ்க்கையை நம்மிடம் சொல்லியிருக்கலாம்: காதல், மதநம்பிக்கை, அரசியல், கடன், எதுவாகவும் இருக்கலாம். அதை வீட்டாரிடம் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். "அவன் உங்களோடு பேசியதையெல்லாம் கொடுங்கள்" என்று கேட்டால் பொதுவில் எழுதியவற்றைத் தொகுத்துத் தரலாம். தனி உரையாடல்களைத் தரக்கூடாது, அதில் மறுமுனையில் இருந்தவரும் ஒரு ஆள்தானே.

3. அறிவிப்பு

சுருக்கமாக எழுதி, மேலே பின் செய்து வையுங்கள். குழுவில் எந்தப் பெயரால் அறிந்தார்களோ அதுவே முதலில் வர வேண்டும். வீட்டார் சம்மதித்தால் மட்டும் உண்மைப் பெயர். எப்போதிருந்து குழுவில் இருந்தார், என்ன செய்தார், இறுதிச் சடங்குக்கு வெளியாட்கள் வரலாமா, வீட்டாரை யார் மூலம் தொடர்புகொள்வது என்பவை போதும். வீட்டு முகவரியும் போன் எண்ணும் வேண்டாம்.

காரணத்தை எழுதாதீர்கள். தற்கொலை என்று தெரிந்தால் இன்னும் கவனம் தேவை: எப்படி என்ற விவரம் ஒரு வரிகூட வரக்கூடாது, கருத்துகளில் வந்தாலும் நீக்குங்கள். அதே அறிவிப்பின் கீழே, மனம் கனத்திருப்பவர்கள் பேச டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணைச் சேர்த்துவிடுங்கள். இந்தியாவில் எங்கிருந்தும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.

மறைந்தவரோடு குழுவில் சண்டை போட்டவர்களும் இருப்பார்கள். அவர்கள் பேசாமல் இருந்தால் இருக்கட்டும். "அன்றைக்கு அவரை அப்படிப் பேசினாயே" என்று யாராவது கணக்குத் தீர்க்கத் தொடங்கினால் அட்மின் உடனே நிறுத்த வேண்டும்.

4. அவருடைய கணக்குகள்

ஃபேஸ்புக்கில் இறப்புச் சான்றோடு விண்ணப்பித்தால் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றுவார்கள். அதன்பிறகு யாரும் உள்ளே நுழைய முடியாது, பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லச் சொல்லி நினைவூட்டலும் வராது. இதை வீட்டார்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆர்வக்கோளாறில் குழுவிலிருந்து யாரும் விண்ணப்பித்துவிடாதீர்கள். குறிப்பாக ஒன்று: ஒரு ஃபேஸ்புக் பக்கத்துக்கு மறைந்தவர் மட்டுமே அட்மின் என்றால், அவர் கணக்கு நினைவுக் கணக்கானதும் அந்தப் பக்கமே நீக்கப்படலாம். அதில் இருப்பதை முதலில் பிரதி எடுத்துவிட்டுத்தான் வீட்டாரிடம் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் 120 நாள் பயன்பாடு இல்லாத கணக்கு பொதுவாக அழிக்கப்படும். சிம்மும் ரீசார்ஜ் இல்லாமல் செயலிழந்து, சில மாதம் கழித்து அதே எண் வேறொருவருக்குப் போகலாம். ஒருநாள் அந்த எண்ணில் முன்பின் தெரியாத ஒரு முகம் வந்து நிற்கும். அதிர்ச்சி வேண்டாம் என்றால், வீட்டாரிடம் சொல்லிவிட்டு அந்த எண்ணை மெதுவாகக் குழுவிலிருந்து எடுத்துவிடலாம். காரியம் முடியுமுன் மட்டும் எடுக்காதீர்கள். கணவரின் போனில் அந்தக் குழுவைத் திறந்து எல்லோரும் எழுதியதைப் படிக்கும் மனைவிமார் உண்டு.

விக்கிப்பீடியாவில் மறைந்தவரின் பயனர் பக்கத்தை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டுவார்கள், நிர்வாக உரிமைகளை நீக்குவார்கள். பேச்சுப் பக்கத்தை மட்டும் இரங்கல் எழுதுவதற்காகத் திறந்தே விடுவது வழக்கம். எந்தக் குழுவுக்கும் பொருந்தும் முறை இது.

5. அவர் செய்துவைத்ததைக் காப்பாற்றுங்கள்

பெரும்பாலான குழுக்கள் கோட்டைவிடும் இடம் இது, காலக்கெடு உள்ள இடமும் இதுதான். சொந்தத் தளம் வைத்திருந்தால் அதன் பெயருக்கு வருடாவருடம் பணம் கட்ட வேண்டும். தவணை தவறினால் மீட்கக் கிடைப்பது சில வாரங்கள்தான், அதற்கப்புறம் யாரும் அந்தப் பெயரை வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடலாம். கூகுளின் தனிநபர் கணக்கில் இரண்டு ஆண்டு யாரும் நுழையாவிட்டால் மின்னஞ்சல், டிரைவ், போட்டோக்கள் எல்லாம் அழிக்கப்படலாம்.

எனவே முதல் வாரத்திலேயே இரண்டு பேர் உட்கார்ந்து பட்டியல் போடுங்கள்: எந்தெந்தத் தளத்தில் என்னென்ன இருக்கிறது என்று. பொதுவில் இருக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் சேமியுங்கள். அதற்குக் கடவுச்சொல் எதுவும் வேண்டாம், முகவரியை ஒட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் ஆயிற்று. குழு உரையாடலில் அவர் எழுதிய நீண்ட பதில்களைத் தேடி எடுத்துத் தனிக் கோப்பில் தேதியோடு வையுங்கள். தமிழ்க் குழுக்களில் அருமையான அறிவெல்லாம் இப்படிச் சாட்டில்தான் புதைந்து கிடக்கிறது. குரல் செய்திகளை மறந்துவிடாதீர்கள், குழுவைவிட வீட்டாருக்குத்தான் அவை பெரிய சொத்து.

உரிமை விஷயம்: எழுத்தும் படமும் இனி வாரிசுகளுக்குச் சொந்தம். இந்தியாவில் படைப்பாளி இறந்தபின் 60 ஆண்டும் இலங்கையில் 70 ஆண்டும் அந்தப் பதிப்புரிமை இருக்கும். எனவே அவர் படங்களை வைத்து நாட்காட்டி போடுவது, புத்தகம் போடுவது எல்லாம் வாரிசின் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடுதான். அவர் உயிரோடு இருக்கும்போதே, சில நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டவை மட்டும் அந்த நிபந்தனைகளோடு எல்லோருக்கும் பொது, அதை யாரும் திரும்பப் பெற முடியாது. வாரிசு விரும்பினால் மற்ற படங்களையும், இலவசப் படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகம் ஏற்கும் உரிமத்தில் அங்கே தரலாம்.

தொடர்ந்து நடக்கும் வேலை என்றால் கைமாற்றிக்கொள்ள ஆள் வேண்டும். விம் என்ற எழுத்துத்தொகுப்பு மென்பொருளை 1991 முதல் கவனித்துவந்த பிராம் மூலனார் 2023 ஆகஸ்டில் இறந்தார். கூட உழைத்துவந்தவர்கள் பொறுப்பை ஏற்றார்கள், 2024 ஜனவரியில் வந்த 9.1 பதிப்பை அவருக்கே சமர்ப்பித்தார்கள். வேலை நின்றுபோயிருந்தால் சமர்ப்பணம் எழுத இடமே இருந்திருக்காது.

அப்புறம் கைக்கு அகப்படும் பொருட்கள். வீட்டைச் சுத்தம் செய்யும்போது குப்பைக்குப் போவது இவைதான். விதை சேகரித்தவர் என்றால் தாமதிக்காதீர்கள். வெங்காய விதை ஒரு வருடம் தாண்டினாலே முளைப்பது குறைந்துவிடும், தக்காளி விதை நாலைந்து வருடம் தாங்கும். வீட்டார் சம்மதத்தோடு வாங்கிப் பெயர் எழுதிப் பிரித்து, வரும் பட்டத்திலேயே ஊன்றுங்கள். தபால்தலை, நாணயம், கேமரா லென்ஸ் போன்றவற்றுக்குக் குழுவிலிருந்து இரண்டு பேர் மதிப்புப் போட்டு எழுதித் தரலாம். ஆனால் மதிப்புப் போட்டவரே வாங்கக்கூடாது, இதில் சமரசம் வேண்டாம். பொழுதுபோக்காக வானொலி அலையில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்களின் கருவிகளுக்கு இன்னொரு சிக்கல்: உரிமம் இல்லாதவர் அதை வாங்கி இயக்க முடியாது. அதனால் பல நாடுகளில் ஹாம் குழுக்களே முன்வந்து மொட்டைமாடி ஆன்டெனாவை இறக்கி, உரிமம் உள்ள ஆளிடம் நியாய விலைக்கு விற்றுப் பணத்தை வீட்டாரிடம் சேர்க்கின்றன.

6. நினைவு மலர் போடுங்கள்

இதற்கு முன்மாதிரி தேடி எங்கும் போக வேண்டாம். ஈழத்தமிழர்களிடம் 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிச் சடங்கை ஒட்டி நினைவு மலர் அச்சிட்டுக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. கல்வெட்டு என்றும் அதைச் சொல்வார்கள். மறைந்தவரின் வாழ்க்கை வரலாறு, இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, தேவார திருவாசகம், உறவினரின் இரங்கல் எல்லாம் அதில் இருக்கும். சிலர் படிப்பவருக்குப் பயன்படட்டும் என்று வேறு கட்டுரைகளையும் சேர்ப்பார்கள். நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் இப்படிப்பட்ட மலர்கள் ஏராளமாகச் சேர்ந்திருக்கின்றன. ஊர் வரலாறு எழுதுபவர்கள் அவற்றைத்தான் புரட்டுகிறார்கள்.

இணையக் குழுவுக்கு இது அப்படியே பொருந்தும். முப்பது நாற்பது பக்கப் பிடிஎஃப் போதும். பாதிக்குமேல் அவர் எழுதியதும் எடுத்ததுமே இருக்கட்டும்: சிறந்த பத்துப் பதில்கள், நல்ல படங்கள், அவர் வைத்திருந்த அட்டவணை, செய்முறைக் குறிப்பு. மீதிதான் மற்றவர்கள் எழுதுவது.

மற்றவர்களிடம் "ஏதாவது எழுதித் தாருங்கள்" என்று கேட்டால் "பழகுவதற்கு இனிமையானவர், பண்பாளர்" என்று நாற்பது பிரதி வரும். கேள்வியாகக் கேளுங்கள். அவரிடம் நீங்கள் கற்ற ஒரு விஷயம் என்ன? எந்த விஷயத்தில் உங்களோடு வாதாடினார்? அவர் சொல்லி நீங்கள் போன இடம், நட்ட செடி, வாங்கிய புத்தகம் எது? அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம் எது? இருநூறு சொல்லுக்குமேல் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒருவர் தொகுக்க, இன்னொருவர் பிழைதிருத்த, 31ஆம் நாளோ 41ஆம் நாளோ ஒரு கெடு வைத்துக்கொண்டால் வேலை நடக்கும். "நிதானமாகச் செய்யலாம்" என்று விட்ட மலர் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வெளியிடும் முன் வீட்டாருக்கு ஒருமுறை காட்டுங்கள். எழுத்தைப் படமாக ஒட்டாமல் யூனிகோடில் வையுங்கள், தேடினால் கிடைக்கும். பத்துப் பிரதியாவது அச்சிட்டு, யாராவது நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் வீட்டில் பிடிஎஃப் திறக்கத் தெரியாத பாட்டி ஒருவர் இருப்பார்.

7. நினைவாக ஒரு செயல்

பொழுதுபோக்கு எதுவோ அதற்குள்ளேயே செய்வதுதான் அழகு. ஈவ் ஆன்லைன் விளையாட்டில் வைல் ராட் என்ற பெயரில் புகழ்பெற்றிருந்த ஷான் ஸ்மித், அமெரிக்க வெளியுறவுத் துறை ஊழியர். 2012 செப்டம்பர் 11 அன்று லிபியாவின் பெங்காசியில் நடந்த தாக்குதலில் கொல்லப்பட்டார். ஆட்டக்காரர்கள் விளையாட்டுக்குள் இருக்கும் தங்கள் விண்வெளி நிலையங்களுக்கு அவர் நினைவாகப் பெயர் மாற்றினார்கள். டெபியன் இயங்குதளத்தைத் தொடங்கிய இயன் மர்டாக் 2015 டிசம்பரில் இறந்தபின், 2017இல் வந்த 9ஆம் பதிப்பு அவருக்குச் சமர்ப்பணமானது. ஆங்கில விக்கிப்பீடியாவில் பெண் எழுத்தாளர்கள் பற்றி ஆழமாக எழுதிய ஏட்ரியன் வாடெவிட்ஸ் 2014இல் பாறையேறும்போது விழுந்து இறந்தார். அவர் நினைவாகப் பல இடங்களில் தொகுப்புப் பட்டறைகள் நடந்தன, புதுக் கட்டுரைகள் எழுதப்பட்டன.

நம் பக்கத்துக்கு வந்தால், பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அவர் வழக்கமாகப் போகும் ஏரிக்கு அன்று நாலு பேர் போய் அவர் விட்ட இடத்திலிருந்து பட்டியலைத் தொடரலாம். தோட்டக்காரர் என்றால் அவர் பெருக்கிய விதையை ஒரு பள்ளிக்குக் கொடுக்கலாம். எதுவானாலும் ஒரு நடை, ஒரு நாள் என்று சின்னதாகத் தொடங்குங்கள். பெரிய விருதை அறிவித்துவிட்டு இரண்டாம் வருடம் நடத்த ஆளில்லாமல் போவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

இணையத்திலேயே அஞ்சலிக் கூட்டம் நடத்தினால் இணைப்பைப் பொதுவில் போடாதீர்கள். 2006இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் மறைந்த தோழிக்காக ஆட்டக்காரர்கள் விளையாட்டுக்குள் கூடினார்கள். இடத்தையும் நேரத்தையும் முன்பே வெளியில் சொல்லியிருந்ததால், எதிர்க்குழு ஒன்று வந்து அத்தனை பேரையும் வெட்டிச் சாய்த்து, அதை வீடியோவாகவும் வெளியிட்டது. விளையாட்டின் விதிப்படி சரிதானே என்று வாதாடியவர்களும் உண்டு. ஜூமில் இணைப்பு கசிந்தால் அதே கதைதான். உறுப்பினருக்கு மட்டும் அனுப்பி, காத்திருப்பு அறை வைத்து, பேசுபவர்களை முன்பே வரிசைப்படுத்தி, ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

8. பணம்

வீட்டாரைக் கேட்காமல் திரட்டாதீர்கள். பல வீடுகளில் அது அவமானமாகப் படும். கேட்டுச் சரி என்றால், அட்மினின் ஜிபே எண்ணுக்கு வாங்காமல் வாரிசின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்று குழுவில் பட்டியல் போட வேண்டாம்.

9. வருடா வருடம்

முதலாண்டு நினைவுநாளில் அவருடைய பழைய பதிவு ஒன்றை மறுபடி போடுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அவரை அப்படித்தான் அறிவார்கள். எத்தனை வருடம் தொடர்வது என்பதற்கு விதியில்லை. ஆர்வம் குறைந்தால் குறையட்டும். குழு பெரிதாகும்போது மறைந்தவர்களும் கூடுவார்கள். எல்லோருக்கும் சேர்த்து வருடத்தில் ஒருநாள் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு எளிது.

10. இன்றைக்கே செய்து வைக்க வேண்டியவை

குழுவுக்குக் குறைந்தது மூன்று அட்மின்கள் இருக்க வேண்டும், மூவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக்கூடாது. தளம் இருந்தால் அதன் பெயரைப் புதுப்பிக்கும் கணக்கின் விவரம் இருவரிடமாவது இருக்கட்டும். விருப்பமுள்ள உறுப்பினர்கள் "எனக்கு ஏதாவது ஆனால் இவரிடம் கேளுங்கள்" என்று ஒரு பெயரையும் எண்ணையும் ஒரு அட்மினிடம் தந்து வைக்கலாம். யாரையும் வற்புறுத்தாதீர்கள், சிலருக்கு இது அபசகுனமாகத் தோன்றும்.

தனிப்பட்ட முறையில் கூகுள் கணக்கு அமைப்பில், பயன்பாடு நின்றால் என்ன செய்வது என்று கேட்கும் ஒரு பகுதி இருக்கிறது. 3 மாதத்திலிருந்து 18 மாதம் வரை ஒரு கெடு குறிக்கலாம், பத்துப் பேர் வரை நியமிக்கலாம், யாருக்கு எது போக வேண்டும் என்று பிரித்துச் சொல்லலாம். மின்னஞ்சல் வீட்டுக்கு, பறவைப் படங்கள் குழுவுக்கு என்று வைத்துக்கொள்ள முடியும். ஃபேஸ்புக்கில் நினைவுக் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவரைக் குறிக்கலாம். மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹபில் வாரிசுப் பயனர் ஒருவரை நியமிக்கலாம். விதை டப்பாவோ, ஆல்பமோ, ஸ்லைடு பெட்டியோ வைத்திருப்பவர்கள் மூடியின் உட்புறம் ஒரு துண்டுச் சீட்டில் உள்ளே இருப்பது என்ன, யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.